சினை நாய்க்கு ஸ்கேன் எப்போது, எக்ஸ்ரே எப்போது?

கேள்வி: கோவில்பட்டி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்று இருக்கிறது. சென்ற பருவத்தில் அதே இனத்து ஆண் நாயுடன் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை இணை சேர்த்தோம். முதல் சேர்க்கையிலிருந்து எண்ணினால் இன்று 38ஆம் நாள். இது அதற்குத் தலையீற்று.

31ஆம் நாளில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். மருத்துவர் திரையில் குட்டிகளின் இதயம் துடிப்பதைக் காட்டினார். எத்தனை குட்டிகள் என்று கேட்டபோது, "நான்கு இருக்கலாம், ஆறும் இருக்கலாம்" என்றார். சரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் 45 நாள் கடந்த பிறகு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எடுக்கலாமா என்று வீட்டில் கேட்டால், எக்ஸ்ரே கதிர் பட்டால் குட்டிகள் ஊனமாகிவிடும் என்று அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். எங்கள் ஊர் மருந்தகத்தில் ஸ்கேனும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் வண்டி பிடித்துப் போக வேண்டும் என்பதால், தேவையில்லாமல் நாயை அலைக்கழிக்கவும் மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு கவலைகள் உண்டு. இத்தனை நாளாகியும் வயிறு ஒட்டியேதான் இருக்கிறது. அத்துடன், ஸ்கேன் எடுத்த அன்று பார்த்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு என்று வந்திருக்கிறது. இனி ஈனும் வரை எத்தனை முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும், எந்தெந்த நாளில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பவர்

தம்பிக்கு வணக்கம். எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்த்து வருகிறோம். அந்தக் காலத்தில் ஸ்கேன் ஏது, எக்ஸ்ரே ஏது? நாட்டு நாய்க்கு ஈற்று என்பது பெரிய சங்கதி இல்லை. பக், புல்டாக் போன்ற தட்டை முகத்து நாய்களுக்குக் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்போ சிறிது. அதனால்தான் அவற்றுக்கு அறுவை தேவைப்படுகிறது. நம் வேட்டை நாய்க்கு மண்டை நீளம், உடம்பில் கொழுப்பும் கிடையாது. தொழுவத்து மூலையில் சாக்கை விரித்துக் கொடுத்தால், விடிவதற்குள் அது தன் வேலையைத் தானே முடித்துவிடும்.

வயிறு தெரியவில்லை என்று கலங்காதீர்கள். இந்த இனத்தின் உடல்வாகே அப்படித்தான். ஆறு வாரம் தாண்டிய பிறகு நாயின் பின்னால் நின்று மேலிருந்து பாருங்கள். விலா முடியும் இடத்துக்கும் தொடைக்கும் நடுவே இருபுறமும் மெல்ல அகன்றிருக்கும். காம்புகளும் தடித்து, சுற்றியுள்ள மயிர் உதிர்ந்து சிவந்திருக்கும். நான்காம் வாரத்தில் என்னிடம் கொண்டுவந்திருந்தால் வயிற்றைத் தடவியே சொல்லியிருப்பேன். அந்தச் சமயத்தில் கரு ஒவ்வொன்றும் தனித்தனியாக, பெரிய நெல்லிக்காய் அளவில் விரலுக்குத் தட்டுப்படும். ஐந்தாம் வாரம் கடந்தால் அவை பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் கைக்கு எதுவும் பிடிபடாது.

என் கருத்தில், எக்ஸ்ரே வேண்டாம். நாயை அலைய விடாமல், ஓடவும் தாவவும் விடாமல், நல்ல தீனி கொடுங்கள். இப்போதிருந்தே பாலில் கால்சியம் சிரப் கலந்து கொடுத்து வந்தால் குட்டிகளின் எலும்பு உறுதியாகும், தாய்க்கும் பால் கட்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

வளர்ப்பவர் உடல்வாகு பற்றியும் கைப்பரிசோதனை பற்றியும் எழுதியிருப்பது மிகச் சரியானது. வயிற்றைத் தடவிச் சினை பார்ப்பது ஏறத்தாழ 24ஆம் நாளிலிருந்து 32ஆம் நாள் வரைதான் பயன்படும். ஆனால், எக்ஸ்ரே பற்றியும் கால்சியம் பற்றியும் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் நாள் கணக்கைச் சரிசெய்துகொள்வோம், ஏனெனில் மற்ற எல்லாமே அதன்மீதுதான் நிற்கிறது. நாயின் சினைக்காலம் 63 நாள் என்பது சினைமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணும் கணக்கு. இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவது அன்று. நாயின் முட்டை வெளிவரும்போது முதிர்ந்திருப்பதில்லை, முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஆணின் விந்தணுவோ பெட்டையின் கருப்பையில் ஒரு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். ஆகவே இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57ஆம் நாளிலும் ஈனலாம், 72ஆம் நாளிலும் ஈனலாம். நீங்கள் 38 என்று குறித்திருக்கும் நாள் சில நாட்கள் முன்னோ பின்னோ இருக்க இடமுண்டு. 31ஆம் நாள் ஸ்கேனில் கருவைச் சூழ்ந்த நீர்ப்பையின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்திருக்கிறார்களா என்று அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 20ஆம் நாளிலிருந்து 37ஆம் நாள் வரை அந்த அளவைக்கொண்டு ஈனும் நாளைக் கணிக்கச் சூத்திரங்கள் உண்டு. சேர்க்கை நாளை வைத்து எண்ணுவதைவிட அது நம்பகமானது.

உங்கள் மருத்துவர் "நான்கு முதல் ஆறு" என்று சொன்னதை ஒரு குறையாக எண்ணாதீர்கள். ஸ்கேனைப் பார்த்தவுடன் ஒரே எண்ணை அடித்துச் சொல்பவரிடம்தான் எனக்கு நம்பிக்கை குறையும். அந்தக் கருவி ஒரு நேரத்தில் வயிற்றின் ஒரு மெல்லிய குறுக்குவெட்டை மட்டுமே காட்டுகிறது. கருப்பையின் இரண்டு கொம்புகளும் மடிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதால், பார்த்த குட்டியையே மறுபடி எண்ணிவிடுவதும், குடலின் காற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டியை விட்டுவிடுவதும் இயல்பு. குட்டிகள் அதிகமாக இருக்கும்போது எண்ணிக்கை குறைந்தும், மிகக் குறைவாக இருக்கும்போது கூடியும் வருவதைப் பல முறை கண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு, ஐந்தாம் வாரத்துக்கு முன் இறக்கும் கரு வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் தாயின் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். 31ஆம் நாளில் எண்ணியது ஈனும் நாளில் குறைந்திருந்தால் அதற்கு இதுவும் காரணமாகலாம்.

ஸ்கேனின் உண்மையான பயன் உயிரைப் பார்ப்பது. சுமார் 25ஆம் நாளிலிருந்து இதயத்துடிப்பு தெரியும். பருவம் முடிந்து இரண்டு மாதத்தில் பால்கூடச் சுரக்கும் பொய்ச்சினையையும், கருப்பையில் சீழ் கட்டும் நோயையும் உண்மையான சினையிலிருந்து பிரித்துக் காட்டுவதும் அதுவே. எக்ஸ்ரேயில் இவற்றைத் தெளிவாகப் பிரிக்க முடியாது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறிய பிறகுதான் குட்டி எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். மண்டையும் முதுகெலும்பும் 45ஆம் நாளையொட்டி மங்கலாகத் தோன்றும். இடுப்பெலும்பு 53ஆம் நாளுக்குப் பிறகும், பற்கள் 58ஆம் நாளுக்குப் பிறகும் தெரியும். 45ஆம் நாளிலேயே படம் எடுத்தால், நிழல்போலத் தெரியும் எலும்புகளை வைத்துக்கொண்டு மறுபடியும் "நான்கா, ஆறா" என்றுதான் விழிக்க வேண்டியிருக்கும். அத்தனை தூரம் போவதாக இருந்தால் 55ஆம் நாளுக்குப் பிறகு போங்கள்.

அப்பாவின் அச்சம் காரணமற்றது அன்று. முதல் சில வாரங்களில், உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும்போது, கருவின்மீது கதிர் படக்கூடாது. ஆனால் எட்டாம் வாரத்தில் உறுப்புகள் யாவும் அமைந்து, குட்டிகள் வளர்ந்துகொண்டு மட்டுமே இருக்கின்றன. ஒன்றிரண்டு படங்களுக்குச் செலவாகும் கதிர் அளவும் மிகக் குறைவு. எண்ணிக்கை தெரியாமல் ஈற்றைச் சந்திப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

படம் எடுக்கும் நாளில் காலைத் தீனியைத் தவிர்த்து, மலம் கழிக்க நடத்திச் சென்றுவிட்டு அழைத்துப் போங்கள். நிறைந்த இரைப்பையும் குடலும் குட்டிகளின் எலும்பை மறைத்துவிடும். பக்கவாட்டில் ஒரு படமும், மல்லாத்தி ஒரு படமும் வேண்டும். நான் பணியில் இருந்தபோது, படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டி ஒவ்வொரு மண்டைக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பிறகு மண்டைகளை விட்டுவிட்டு முதுகெலும்பு வரிசைகளை மட்டும் எண்ணுவேன். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் உடனிருக்கும் மருத்துவரை, என் எண்ணைச் சொல்லாமல், தனியாக எண்ணச் சொல்வேன். குட்டி உயிரோடு இருக்கிறதா என்று எக்ஸ்ரே சொல்லாது. இறந்த குட்டியின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், உடலுக்குள் காற்று தெரிவதும் இறந்து சில காலம் சென்ற பிறகே. ஐயம் வந்தால் அதே நாளில் ஸ்கேன் வைத்து இதயத்துடிப்பை எண்ணிவிடச் சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனை பற்றி: சினை வளர வளர இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால், சிவப்பணு விகிதம் நடுச்சினையில் 40 விழுக்காட்டை ஒட்டியும், ஈனும் வேளையில் 35 விழுக்காட்டுக்குக் கீழேயும் இறங்குவது இயற்கை. அதற்காக இரும்புச் சத்து டானிக் வாங்க வேண்டாம். தட்டணு எண்ணிக்கையை மட்டும் கவனியுங்கள், அதைக் குறைத்துவிடும் உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் மிகுதி. அந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் டாக்ஸிசைக்ளினைச் சினைக்காலத்தில் கொடுத்தால் குட்டிகளின் எலும்பையும் பல்லையும் பாதிக்கக்கூடும். ஆகவே யார் எந்த மாத்திரை எழுதினாலும் "நாய் சினையாக இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கால்சியம் சிரப்பை இன்றே நிறுத்துங்கள். ஈன்றபின் பாலுக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தருவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் வேலை. சினைக்காலம் முழுவதும் வெளியிலிருந்து கால்சியம் ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி அடங்கிவிடும். குட்டிகள் வேகமாகப் பால் குடிக்கும் வாரங்களில் தாயின் இரத்தத்தில் கால்சியம் திடீரென விழுந்து, உடல் விறைத்து, நடுங்கி, காய்ச்சல் கண்டு வலிப்பு வரும். பால் கட்டட்டும் என்று கொடுத்த மருந்தே பால் கொடுக்கும் காலத்தில் தாயைச் சாய்த்துவிடுகிறது. ஆறாம் வாரத்திலிருந்து தரமான குட்டித் தீனியைப் படிப்படியாகக் கூட்டி, ஈனும் வேளையில் வழக்கத்தைவிட ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வரை கொடுத்தால் போதும்.

மறுமொழி: மதுரை வாசகி

மருத்துவர் ஐயா சொன்ன எண்ணிக்கை விஷயத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களிடம் இருப்பது லேப்ரடார். முதல் ஸ்கேனில் இரண்டு அல்லது மூன்று என்றார்கள். எட்டாம் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒரே ஒரு குட்டிதான் இருந்தது. ஒன்றுதானே, சுலபமாகப் பிறந்துவிடும் என்று நாங்கள் மகிழ்ந்தபோது மருத்துவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். வலியைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞையே குட்டிகளின் உடலில் சுரக்கும் கார்டிசோலிலிருந்துதான் வருகிறதாம். ஒற்றைக் குட்டியால் அது போதிய அளவில் சுரக்காமல், நாள் கடந்தும் வலி வராமல் போகலாம். உணவும் இடமும் பங்குபோடாமல் வளர்வதால் குட்டி பெருத்தும்விடும்.

அவர் அஞ்சியபடியேதான் ஆயிற்று. எதிர்பார்த்த நாள் கடந்தும் எங்கள் நாய் ஒன்றும் நடவாததுபோல வாலாட்டிக்கொண்டு சோறு தின்றது. சினையைத் தக்கவைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டது, அதாவது குட்டி வெளிவர ஆயத்தமாகிவிட்டது. ஆனால் வலியில்லை. உடனே ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, முந்தைய சோதனையில் நிமிடத்துக்கு 220க்கு மேல் இருந்த குட்டியின் இதயத்துடிப்பு 170க்கு வந்திருந்தது. 180க்குக் கீழே போனால் குட்டி திணறுகிறது என்று பொருளாம். அன்று மாலையே சிசேரியன் செய்து உயிரோடு எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால், இரண்டு மூன்று குட்டிகள் உள்ளே இருக்கின்றன, இன்று வரும் நாளை வரும் என்று வீட்டிலேயே காத்திருப்போம். தம்பி, அப்பாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் மிக்க நன்றி. ஸ்கேன் அறிக்கையில் நீர்ப்பையின் அளவு இருக்கிறது. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டபோது, நாங்கள் எண்ணுவதைவிட மூன்று நாள் தள்ளித்தான் ஈனும் என்று கணக்கிட்டுச் சொன்னார். அப்பாவும் அரை மனதோடு சம்மதித்துவிட்டார்.

எக்ஸ்ரே அறையில் நாயைப் பிடித்துக்கொள்ள என் அக்காவை அழைத்துப் போகலாமா? எங்கள் நாய் அவள் சொன்னால்தான் அசையாமல் படுக்கும். ஆனால் அவள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மேலும், குடற்புழு மருந்து சினைக்காலத்தில் கொடுக்கலாமா, ஈனும் நாள் நெருங்கிவிட்டதை வீட்டிலேயே எப்படி அறிவது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அக்கா அந்த அறைக்குள் காலடி வைக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் வெளியே இருக்க வேண்டும். உள்ளே செல்பவர் ஈய மேலங்கி அணிந்துகொள்ள வேண்டும். ஈற்று வேலையிலும் அக்காவை ஒதுக்கி வையுங்கள். நாய்களில் பின்சினைக் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி மனிதரையும் தொற்றக்கூடியது. பனிக்குட நீர், நஞ்சு (நஞ்சுக்கொடி), இறந்து பிறந்த குட்டி ஆகியவற்றைத் தொடுபவர் யாராயினும் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

குடற்புழு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். தாயின் தசைகளில் உறங்கிக்கிடக்கும் உருளைப்புழுவின் இளநிலைகள் சினையின் பிற்பகுதியில் விழித்தெழுந்து நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. பிறக்கும்போதே குட்டிகள் புழுவோடு பிறப்பது இதனால்தான். 40ஆம் நாளிலிருந்து, ஈன்ற பின் 14ஆம் நாள் வரை, தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஃபென்பெண்டசோல் கொடுப்பது நிலைபெற்ற முறை. 45ஆம் நாளையொட்டி உங்கள் ஊர் மருந்தகத்திலேயே எடை பார்த்து, ஈறுகளின் நிறத்தையும் பிறப்புறுப்புக் கசிவையும் மருத்துவரிடம் காட்டி, மருந்தின் அளவை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பரிசோதனைக்குத் திருநெல்வேலி போக வேண்டியதில்லை.

56ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் குறித்து வாருங்கள். வழக்கமாக 101, 102 என்று இருக்கும் வெப்பம் 99 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி தொடங்கும். இந்த இறக்கம் சில மணி நேரமே நீடித்து மறைந்துவிடும் என்பதால் ஒருவேளை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள். வெப்பம் இறங்கி 24 மணி நேரம் கடந்தும் வலி வராவிட்டாலும், அரை மணி நேரம் தொடர்ந்து முக்கியும் குட்டி வராவிட்டாலும், முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் கசிந்தாலும், ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே இரண்டு மணி நேரம் தாண்டினாலும் வண்டியை எடுத்துவிடுங்கள்.

அப்போது வீட்டுக்கு யாரையாவது வரவழைத்து "வலி ஊசி" மட்டும் போடச் சொல்லாதீர்கள். உள்ளே எத்தனை குட்டிகள், எந்தக் குட்டி எப்படிக் கிடக்கிறது என்று தெரியாமல் ஆக்சிடோசின் போட்டால், குறுக்கே சிக்கியிருக்கும் குட்டியை எதிர்த்துக் கருப்பை இறுகி, கிழிந்தே போகலாம். எக்ஸ்ரே படத்தைக் கையோடு எடுத்துச் சென்றால், அங்குள்ள மருத்துவர் அதைப் பார்த்தே முடிவெடுப்பார்.

மறுமொழி: சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பவர்

நான்கைந்து ஈற்று கண்ட பெட்டைக்கு எக்ஸ்ரே தேவையில்லை என்ற என் எண்ணம் மாறவில்லை. தலையீற்று என்பதால் தம்பி எடுத்துக்கொள்ளட்டும். மருத்துவர் விட்ட ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஈன்று மூன்று வாரம் வரை வெளி நாய்களையும், பிற நாய் வைத்திருப்பவர்களையும் வீட்டுக்குள் விடாதீர்கள். நாய்களின் ஹெர்ப்பிஸ் கிருமி இந்தக் காலத்தில் வந்தால் மொத்தக் குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும், பெரிய நாய்க்கோ சளி அளவில்தான் தெரியும்.

ஈற்றின்போது ஒருவர் காகிதமும் பேனாவுமாகப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு குட்டியும் வந்த நேரத்தையும், அதன் நஞ்சு வந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். தாய் நஞ்சைத் தின்றுவிடும், நாம் கண்ணிமைத்தால் கணக்குத் தவறிவிடும். எக்ஸ்ரேயில் கண்ட எண்ணிக்கை குட்டியிலும் நஞ்சிலும் சரியாக வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். குறைந்தால் எனக்கு எழுதிக்கொண்டிராமல் நேரே திருநெல்வேலிக்குப் போங்கள்.